குழம்பில் ஊற்றிய சிர்கா

என் கமலத்துக்கு,

நேற்று நான் பட்ட அவமானத்தை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? திட்டுவதென்றால் முழுதும் கேட்டுவிட்டுத் திட்டு.

நம் உஷாவுக்கு ஆபீசில் கூட வேலை பார்க்கும் அசோக் என்கிற பஞ்சாபிப் பையனைப் பிடித்துப்போயிற்று. இவள் டிபன் டப்பாவில் இருந்த காரக்குழம்பை அவன் சாப்பிட்டுவிட்டு, வீட்டில் போய்ப் புகழ்ந்திருக்கிறான். மதராஸி மருமகளா என்று ஆறு மாதமாக முகம் கொடுக்காத அவன் அம்மா, அந்தக் குழம்பைச் சாப்பிட வருகிறேன், அப்படியே பெண்ணையும் பார்க்கிறேன் என்று சொல்லியனுப்பினார்.

நேற்றுக் காலை பார்த்தால் புளி ஜாடி காலி. லக்ஷ்மிபாய் நகரிலிருந்து கரோல் பாக் போய் வாங்கி வர நேரமில்லை. விருந்தாளிகளுக்கு வெங்காயம் ஊறப்போட சிர்கா வாங்கி வைத்திருந்தேன், அதுதான் வினிகர். எல்லாம் புளிப்புதானே என்று, நீ புளித்தண்ணீர் அளக்கும் கிண்ணத்தாலேயே நிறைய ஒரு கிண்ணம் ஊற்றிவிட்டேன். உனக்கு இப்போதே பல் கூசுமே?

வெல்லம் போட்டேன். இனித்தது, ஆனால் புளிப்பு அசையவில்லை. உஷா சமையல் சோடாவைக் கொட்டினாள், பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நெடி கூடத்துக்குப் போகக்கூடாதென்று தட்டுப் போட்டு இறுக மூடினேன். "அப்பா, பன்னெண்டரை ஆச்சுப்பா! ஜல்தி ஏதாவது பண்ணுங்கப்பா" என்று அவள் அழவே ஆரம்பித்துவிட்டாள். அம்மா இல்லாத பெண்ணின் கல்யாணம் அப்பன் வைத்த குழம்பால் நின்றுபோனால் நான் எந்த முகத்தோடு அவளைப் பார்ப்பேன்?

அசோக்கும் அவன் அம்மாவும் வந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். அந்த அம்மா ஒரு வாய்தான் வைத்தார். "பாய் சாஹப், சிர்கா டாலா ஹை நா?" என்றார், சிர்காதானே ஊற்றியிருக்கிறீர்கள் என்று. தலையை ஆட்டினேன். உடனே எழுந்து, உஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். அசோக் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். போச்சு, எல்லாம் போச்சு என்று உட்கார்ந்திருந்தேன். நீ இருந்தால் கூடவே உள்ளே போயிருப்பாய். நான் எப்படிப் போவது?

உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது. பாதிக் குழம்பை எடுத்து வைத்துவிட்டு, மீதியில் வெந்நீர் விட்டு, வெந்த உருளைக்கிழங்கை மசித்துப் போட்டுக் கொதிக்க வைத்தாராம். "மூடி வெச்சா அந்த நெடி எங்கே போகும்? திறந்து கொதிக்க விடணும்" என்று இந்தியில் அதட்டுவது காதில் விழுந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "கல்யாணத்துக்கு அப்புறம் ஞாயித்துக்கிழமை உன் அப்பாவைச் சமைக்க விடாதே. நம்ம வீட்டுக்கு வந்து சாப்பிடட்டும்" என்றார்.

நம்ம வீடு என்றார், கமலம். இருபது வருஷ டெல்லி வாசத்தில் முதல் தடவையாக என் இந்தி மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. வெளியே வந்த உஷாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. குழம்பும் வாயில் வைக்கும்படி இருந்தது.

இனி அடுத்த கவலை. பெண்டாட்டி இல்லாதவன் தாரை வார்க்கக்கூடாது, உன் அண்ணனும் அண்ணியும் மணையில் உட்காரட்டும் என்பார்கள் நம் சொந்தக்காரர்கள். அதற்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன். நம் பெண்ணை நான்தான் தாரை வார்ப்பேன். என் பக்கத்தில் உனக்கும் ஒரு மணை போடச் சொல்வேன். இது சத்தியம்.

உஷாவின் அப்பா,
உன் வீட்டுக்காரன்