மாடி அலமாரியில் ஒரு கால அட்டவணை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம் என்றுதான் இத்தனை நாளும் எழுதி வந்திருக்கிறேன், இந்த வாரமும் அதில் மாற்றமில்லை. உன் அம்மா என்னைவிட நலம், எவ்வளவு நலம் என்பது எனக்கே ஏழு நாள் முன்புதான் தெரிய வந்தது. நீ உன் உடம்பைப் பார்த்துக்கொள், குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. இந்த விஷயத்தைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நடுவில் நீ சிரிப்பாய், நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டுக் கோபித்துக்கொள்வேன், கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. உட்கார்ந்து படி, நான் நின்றுகொண்டு கேட்டதால் பட்ட பாடு போதும்.

போன செவ்வாய்க்கிழமை செய்தி அனுப்பியிருந்தாயே, அங்கே குளிர் இறங்கிவிட்டது, வெயில் காலத்துச் சட்டைகளோடு ஆபீசில் உட்கார முடியவில்லை, மாடி அறை அலமாரியில் விட்டுவந்த கறுப்புக் கோட், சாம்பல் கோட், கனமான பேன்ட் இரண்டு, முழுக்கைச் சட்டைகள் எல்லாவற்றையும் அனுப்புங்கள் என்று. அதை வாசகசாலையில் வைத்துப் படித்தேன். நல்ல காரியத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்று மத்தியானமே கிளம்பி வீட்டுக்கு வந்தேன். வீடு பூட்டியிருந்தது. கடைக்குப் போயிருப்பாள் என்று என் சாவியால் திறந்து, உன் பட்டியலும் பென்சிலுமாக மாடிக்குப் போனேன். முப்பத்தொரு வருடம் கிடங்கு கிடங்காகப் போய் இருப்புச் சரிபார்த்தவன் உன் அப்பா, ஒரு பெட்டி ஆணியில் பத்து ஆணி குறைந்தாலும் மூக்கில் வியர்க்கும். அலமாரியைத் திறந்தேன். ஒன்பது சட்டை இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருந்தது. கறுப்புக் கோட் இல்லை. சாம்பல் கோட் இருந்தது, ஆனால் அதன் தோளில் யாரோ சாக்குக்கட்டியால் கோடு போட்டிருந்தார்கள். கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. திங்கள் நீலச் சட்டை, செவ்வாய் வெள்ளை, புதன் கோடு போட்டது, வியாழன் மறுபடி நீலம் வேறு பேன்ட்டோடு, வெள்ளி இளம்பச்சை. அதற்குக் கீழே, குளிர் வந்ததும் கறுப்பு, முதுகு பிரித்தாயிற்று, சாம்பல் தோள் பாக்கி என்று குறிப்பு.

திருடன் என்றுதான் முடிவு கட்டினேன். ஒழுங்கான திருடன், வாரத்தைத் திட்டம் போட்டு எடுக்கிறவன், இப்படிப்பட்டவன் எங்கள் இலாகாவில் இருந்திருந்தால் எத்தனையோ கோப்பு உருப்பட்டிருக்கும். கையெழுத்து எங்கோ பார்த்தது போலத்தான் இருந்தது. கல்யாணமான நாளாக மளிகைச் சீட்டில் வருகிற கையெழுத்து அது என்று தோன்றவில்லை, ஏனென்றால் அந்தச் சீட்டை நான் படிப்பதில்லை, மடித்தபடியே கடைக்காரரிடம் நீட்டிவிடுவேன். நம் வீட்டுத் துணி போய் வருகிற ஒரே இடம் மூலைச் சலவைக் கடைதானே, சந்தேகம் நேராக அங்கே போனது, நானும் பின்னாலேயே போனேன். ஒரு கறுப்புக் கோட் விஷயமாக வந்திருக்கிறேன் என்று குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டு ஆரம்பித்தேன். அவர் இஸ்திரிப் பெட்டியைக்கூட நிறுத்தவில்லை. அதுவா சார், அம்மா காலையிலதான குடுத்துட்டு ஆபீஸ் போனாங்க, வியாழக்கிழமை தரேன்னு சொல்லிட்டேனே, அதுக்குள்ள உங்கள வேற அனுப்பிட்டாங்களா என்றார். எந்த அம்மா என்று கேட்டேன். அப்போதுதான் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவர்களைப் பார்க்கிற மாதிரி. சார், உங்க வீட்ல எத்தன அம்மா இருக்காங்க என்றார். பக்கத்தில் துணி வாங்க நின்றிருந்த எதிர்வீட்டு நர்ஸ், அஞ்சு மாசமாப் போறாங்களே அங்கிள், நாங்க ரெண்டு பேரும் ஒரே பஸ்தான், பேன்ட் போட்டா ஆன்ட்டிக்குப் பத்து வயசு குறையுது என்று என்னிடம், என் மனைவியைப் பற்றி, எனக்குத் தகவல் தந்தாள்.

கண்ணு, ஐந்து மாதம். நான் ஒன்பதுக்கு வாசகசாலைக்குக் கிளம்புகிறேன், அவள் ஒன்பதே காலுக்குக் கிளம்புகிறாள். நான் ஆறுக்கு வருகிறேன், அவள் ஐந்தரைக்கு வந்து சேலை மாற்றிக்கொண்டு அடுப்படியில் நிற்கிறாள். காலையில் இரண்டு சாப்பாட்டு டப்பா கட்டுவாள், ஒன்று எனக்கு, இன்னொன்று யாருக்கு என்று ஒரு நாள் கேட்டிருக்கிறேன், எனக்குத்தான் என்றாள், சரி என்று போய்விட்டேன். வீட்டிலேயே இருக்கிறவளுக்கு டப்பா எதற்கு என்று ஒரு கேள்வி இருப்பது அன்று சலவைக் கடையிலிருந்து திரும்பி வருகிற வழியில்தான் உறைத்தது. கூடத்து நாற்காலியில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவளிடம் கேட்க வேண்டிய கேள்விகளை வரிசைப்படுத்தி, வரிசையை மாற்றி, மறுபடி பழைய வரிசைக்கே கொண்டுவந்தேன். ஐந்தரைக்குக் கதவு திறந்தது. உன் வெள்ளைச் சட்டை, உன் கறுப்பு பேன்ட், கழுத்தில் நாடா கட்டிய அட்டை, அதில் போட்டோ. கல்யாணப் போட்டோவில்கூட இவ்வளவு நன்றாக விழாத முகம் அந்த அட்டையில் நன்றாக விழுந்திருந்தது. என்னைப் பார்த்ததும், என்னங்க, உடம்புக்கு ஏதாச்சுமா, இவ்ளோ சீக்கிரம் வந்துட்டீங்க என்று பதறினாள். வரிசைப்படுத்தி வைத்திருந்த கேள்விகளில் ஒன்றும் வரவில்லை. டீ இருக்கா என்று கேட்டேன்.

டீயோடு எல்லாம் வந்தது. ஒரு லிப்ட் நிறுவனமாம். ஊரில் எந்தக் கட்டடத்து லிப்ட் நடுவில் நின்றாலும் உள்ளே மாட்டிக்கொண்டவர் மணிப் பொத்தானை அமுக்கினால் அழைப்பு உன் அம்மாவின் மேஜைக்கு வரும். மெக்கானிக் போய்ச் சேரும் வரைக்கும் அந்த ஆளைப் பயப்படவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும், அதுதான் வேலை. அனுபவம் உண்டா என்று நேர்முகத்தில் கேட்டார்களாம், ஒரே இடத்தில் முப்பத்தி நாலு வருஷம் என்றாளாம், எடுத்துக்கொண்டார்கள். ஆபீஸ் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, வருகிறவர் போகிறவர் பார்ப்பதால் உடுப்பில் கண்டிப்பு, சட்டை பேன்ட்தான், குளிர் மாதம் பிறந்தால் கறுப்புக் கோட் கட்டாயம். கைக்கு எட்டிய இடத்தில் உன் அலமாரி இருந்தது. சட்டைகளின் பக்கத் தையலைப் பிரித்து விட்டிருக்கிறாள், பேன்ட்டின் இடுப்பில் துணி சேர்த்திருக்கிறாள், கோட்டின் முதுகை நடுவில் பிரித்து இரண்டு விரல் அகலத்துக்கு ஒட்டுப் போட்டிருக்கிறாள். உன்னிடம் சொல்லாததற்கு அந்த ஒட்டுதான் காரணம், நீ எவ்வளவு ஆசையாக வாங்கிய கோட் என்று அவளுக்குத் தெரியும், கத்தரியை எடுத்த அன்று இரண்டு தடவை திரும்ப வைத்துவிட்டாளாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னேனே என்றாள். பேப்பரில் விளம்பரம் வந்த அன்றே என் முன்னால் கொண்டுவந்து வைத்து, இதுக்குப் போட்டுப் பாக்கட்டுமா என்று கேட்டாளாம், நான், இரு இரு, அதுக்குப் பின்பக்கம் குறுக்கெழுத்து இருக்கு என்று கத்தரியை வாங்கி அதை வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டேனாம். எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் மறுநாள் வாசகசாலையில் என் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன், ஒட்டி வைத்த குறுக்கெழுத்து இருந்தது, பதினேழாவது கட்டம் மட்டும் நிரப்பவில்லை. ஓரத்தைக் கிள்ளிப் பார்த்தால் பின்னால் பாதி விளம்பரம். அதற்கப்புறம் அன்று பேப்பர் படிக்கவில்லை.

இனிமேல்தான் சங்கதி. அவள் வேலை ஆறு மாதத் தற்காலிகம். தலைமை ஆபீசிலிருந்து ஒருவர் வந்து நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று சொல்வார், அது இந்தத் திங்கட்கிழமை, குளிர் மாதத்தின் முதல் நாள், கோட் போட்டாக வேண்டிய நாள். உன் செய்தியை நான் காட்டியதும் அவள் முகம் விழுந்தது. ஒரு நிமிடம்தான். பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, பிள்ளை வாய் விட்டுக் கேட்டிருக்கா, அவ கோட்ட நான் மாட்டிக்கிட்டு உக்காரவா, ஒட்டப் பிரிச்சு பழையபடி தெச்சு அனுப்பிடலாம், திங்கட்கிழமைக்கு முன்னாடி நானே நின்னுக்கறேன்னு சொல்லிடறேன், அஞ்சு மாசம் போனதே பெருசு என்றாள். ஐந்து மாதம் வேலைக்குப் போனாள் என்று கேட்டபோது வந்தது அதிர்ச்சி என்றால், இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்தாள் பார், அதற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். புதிதாக வாங்கலாம் என்றேன், ஒரு நாள் கூத்துக்கு மீசையைச் சிரைச்ச கதையா, அவங்க வேணாம்னு அனுப்பிட்டா அந்தக் கோட்ட என்ன பண்றது என்றாள்.

வெள்ளிக்கிழமை நான் என் இருப்பைச் சரிபார்த்தேன். ஆய்வுக்குப் போகும்போது போடுவேனே, அந்தக் கறுப்புக் கோட், ஓய்வு பெற்ற நாளிலிருந்து உறைக்குள் தொங்குகிறது, அதைப் பார்த்துக் கிடங்குக்காரர்கள் எழுந்து நின்ற காலம் ஒன்று உண்டு. எடுத்துக்கொண்டு தையற்கடைக்குப் போனேன், அவள் சட்டை ஒன்றையும் அளவுக்கு எடுத்துக்கொண்டேன். தையற்காரர் கோட்டை விளக்குக்கு நேரே பிடித்து, நல்ல துணி சார், வெட்ட மனசு வருதா, இதப் பெண்கள் கோட்டாக்கினா தோளக் குறைக்கணும், பட்டன் பக்கம் மாத்தணும், அப்புறம் நீங்க திரும்பிக் கேக்கப்படாது என்றார். கேட்க மாட்டேன் என்றேன். அவர் கத்தரி வைத்தபோது வெளியே போய் நின்றுகொண்டேன் என்பதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள், முழங்கையில் இரண்டு பக்கமும் பளபளவென்று தேய்ந்திருந்ததைத் தடவினாள், மத்த எடமெல்லாம் புதுசாட்டம் இருக்கு, இது மட்டும் தேஞ்சிருக்கே, மேஜ மேல கைய வெச்சுத் தூங்கினதுக்கு இதவிடச் சாட்சி வேணுமா என்றாள். பிறகு போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். பொருந்தியது. ரொம்ப நேரம் கழற்றவே இல்லை, அதோடேயே பாத்திரம் கழுவப் போனவளை நான்தான் தடுத்தேன்.

நேற்று திங்கட்கிழமை நான் வாசகசாலைக்குப் போகவில்லை. ஒன்பதே காலுக்குப் படியில் நின்று போயிட்டு வரேங்க என்றாள். ஐந்து மாதமாக இதைப் பூட்டிடம்தான் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். பகலில் நம் வீடு எவ்வளவு சத்தமில்லாமல் இருக்கும் என்று எனக்குத் தெரியாது, நேற்று தெரிந்தது. ஆறு ஆகியும் வரவில்லை, ஆறரைக்கு வந்தாள். செருப்பைக் கழற்றி, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்து, என்னை நன்றாகத் தவிக்கவிட்டுச் சொன்னாள், நிரந்தரம், கூடவே புதிதாக வருகிற இரண்டு பெண்களுக்கும் அவள்தான் பழக்கிக் கொடுக்க வேண்டுமாம். தலைமை ஆபீஸ்காரர் கோட்டை ஒரு தடவைகூட ஏறிட்டுப் பார்க்கவில்லையாம். மூன்று மணிக்கு ஒரு அழைப்பு வந்திருக்கிறது, பதினோராவது மாடிக்கும் பன்னிரண்டாவது மாடிக்கும் நடுவில் ஒரு மனிதர் தனியாக மாட்டிக்கொண்டு மூச்சு முட்டுகிறது என்று கத்தி அழுதிருக்கிறார், மெக்கானிக் போக நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தில் ஆள் அழுகையை நிறுத்தி, பேச ஆரம்பித்து, கடைசியில் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே வெளியே வந்தாராம். அப்படி என்னதான் பேசினாய் என்று கேட்டேன். உங்களப் பத்தித்தான் என்றாள். மனைவி ஐந்து மாதம் வேலைக்குப் போய் வந்தது தெரியாமல் ஒரு மனிதர் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த கதையாம். நேற்றுத்தானா என்றேன். மொத நாள்லேருந்தே சொல்றேன், யாருக்கும் பயம் தெளியாம போனதில்ல, இனிமே முடிவ மட்டும் மாத்திச் சொல்லணும் என்றாள். ஆக இந்த ஊரில் எந்த லிப்ட் எப்போது நின்றாலும் உள்ளே இருப்பவருக்கு முதலுதவி உன் அப்பாதான். என்ன முடிவு சொல்வாய் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

உன் கோட் இரண்டும், பேன்ட்டும், சட்டைகளும் பிரித்த தையலெல்லாம் பழையபடி போட்டு இன்று பார்சலில் புறப்படுகின்றன, அம்மாவுக்குச் சட்டை பேன்ட் நேற்று ராத்திரியே புதிதாக வாங்கிவிட்டோம். கறுப்புக் கோட்டின் முதுகில் ஊசித் தடம் கொஞ்சம் தெரியும், ஆபீசில் சுவரோரமாக நாற்காலி கேட்டு வாங்கிக்கொள். அம்மா கேட்டால் ஒன்றும் தெரியவில்லை, புதிது போலவே இருக்கிறது என்று சொல்ல வேண்டும், மறந்துவிடாதே. இந்த விஷயம் தெரிந்தவர்கள் பட்டியலில் நீயும் முன்பே இருந்தால் இப்போதே சொல்லிவிடு, ஒரேயடியாக அதிர்ந்து முடித்துவிடுகிறேன். நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக முடிய வேண்டும், நல்ல மனிதர்கள் நடுவில் வேலை பார்க்க வேண்டும், வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் செய், அம்மா இருப்பாள், மற்ற நாளில் ஐந்தரைக்கு மேல் செய்.

பகலில் தனியாக இருக்கப் பழகிக்கொண்டிருக்கும்,
உன் அப்பா