வெட்கப்படாதவளின் வெட்கம்

நேற்றுச் சாயங்காலம் மகளின் அறிவியல் புத்தகத்துக்கு அட்டை போட உட்கார்ந்தேன். நடுவில் சில பக்கங்கள் பிரிக்க வரவில்லை. பார்த்தால், ஓரத்தில் வரிசையாக ஸ்டேப்ளர் கம்பி. இனப்பெருக்கப் பாடம். டீச்சரே எல்லோரையும் கம்பி அடிக்கச் சொன்னாராம், வீட்டில் படித்துக்கொள்ளலாமாம். மூன்றாம் படிவம், பதினைந்து வயது. நீ இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அதே இடத்திலேயே நிற்கிறார்கள்.

நமக்காவது முயல் படம் வரையச் சொன்னார்கள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நம் வீடுகள் அடுத்தடுத்து. நான்காம் படிவத்திலும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. முயலின் வயிற்றுக்குள் குட்டிகள் இருந்தன. அவை எப்படி வந்தன என்று டீச்சரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. வீட்டிலோ, மாதத்தில் மூன்று நாள் தள்ளி உட்கார் என்றதோடு பாடம் முடிந்தது.

எதிர் வரிசை வீட்டுப் பையனோடு நீ பேசிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். அது எதில் கொண்டுபோய் விட்டிருக்கிறது என்பது உனக்கே தெரியவில்லை. பள்ளிக்கூட பஸ்ஸில் வாந்தி எடுத்துவிட்டு கேன்டீன் மீ நூடுல்ஸைத் திட்டினாய். சீருடை இறுகிய பிறகுதான் உன் அம்மா உன்னை கிளினிக்குக்கு இழுத்துப் போனார். ஐந்து மாதம் என்றார்கள். ஏன் முன்பே வரவில்லை என்று அங்கிருந்த நர்ஸ் மிஸ்ஸி அத்தனை பேர் முன்னால் அதட்டியபோது நீ சொன்னாய்:

"என்னான்னு தெரிஞ்சாத்தானே மிஸ்ஸி வர்றதுக்கு."

அதைத் திமிர் என்றார்கள். அந்த வருஷம் குவார்ட்டர்ஸில் யாராவது ஓர் உண்மையைப் பேசினார்கள் என்றால் அது அதுதான்.

பையனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவன் வாழ்க்கை கெட்டுவிடக் கூடாதாம். அவன் பரீட்சை எழுதினான், அப்பாவைப் போலவே ரயில்வேயில் சேர்ந்தான். உன்னைக் கேரித் தீவில் அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள், உன் அம்மாவும் கூடவே போனார். திரும்பும்போது அவர் கையில் ஒரு பெண்குழந்தை. தனக்குப் பிறந்ததென்றார். எல்லோருக்கும் எல்லாம் தெரியும். ஆனாலும் குழந்தைக்குச் சட்டை துணியோடு வந்து, நாற்பது வயதில் கடவுள் கண் திறந்தார் என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். அந்த நடிப்பைக் கண்டு எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. பள்ளிக்கூடம் உன்னைத் திரும்பச் சேர்க்கவில்லை. நீ சுங்கை வேயில் எலக்ட்ரானிக் பேக்டரிக்குப் போனாய். உன் மகள் உன்னை அக்கா என்று கூப்பிட்டு வளர்ந்தாள்.

பேக்டரிப் பெண்களோடு நீ தங்கியிருந்த வாடகை வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தேன். கண்ணாடிப் பக்கத்தில் ஆணியில் ஒரு மஞ்சள் கயிறு தொங்கியது. யாருடையது என்றேன். எல்லாருடையதும் என்றாய். கர்ப்பத்தடை மாத்திரை கேட்டுப் போனால் கிளினிக்கில் முதலில் கழுத்தைத்தான் பார்க்கிறார்களாம். தேவைப்படுகிறவள் மாட்டிக்கொண்டு போய்வருவாளாம். ஒரே தாலி, எத்தனையோ கழுத்து. பாவம் என்று நான் பதறினேன்.

"தாலி கட்டினவளுக்குத்தான் பதில் சொல்லுவாங்கன்னா, நான் என்னா செய்யறதுலா?" என்றாய்.

உன் மகளுக்குப் பதினைந்து ஆனபோது பஸ் ஸ்டாப்பில் ஒரு பையன் காத்திருக்க ஆரம்பித்தான். உன் அம்மாவுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், பெண்ணின் படிப்பை நிறுத்துவது. செய்தி கேட்டு நீ வந்தாய். துணைக்கு என்னையும் உள்ளே கூப்பிட்டாய். அடுப்படியில் அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, சமையல் குறிப்புச் சொல்கிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னாய். உடம்பு எப்படி, பிள்ளை எப்படி உண்டாகிறது, எப்படித் தடுப்பது. வாயை மூடு, வாயை மூடு என்று உன் அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார்.

உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும் என்று அவள் கேட்டாள்.

"ஒன் வயசுல எனக்குத் தெரியல. அதான் நீ பொறந்த."

உன் அம்மா ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார். அந்தப் பிள்ளை மெதுவாக, "அப்ப நான் தெரியாம வந்தவளா?" என்றாள்.

"ஆமா. தெரியாமத்தான் வந்த. தெரிஞ்சேதான் ஒன்ன விடாம வச்சிக்கிட்டேன்."

அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். இப்படியா போட்டு உடைப்பது என்று பஸ் ஸ்டாப் வரை நான் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். நல்ல நேரம் பார்த்துச் சொல்கிற விஷயமா என்று திருப்பிக் கேட்டாய். ஒரு வருஷத்துக்கு மேல் அவள் உன்னோடு பேசவில்லை. ஆனால் படிப்பை விடவில்லை. கிள்ளானில் ஒரு பேங்க்கில் வேலைக்கும் சேர்ந்தாள். கோபம் தணிந்து சுங்கை வேயில் உன் வீட்டுக்கு வந்துபோக ஆரம்பித்தபோதும், வாய் பழகிவிட்டதால் அக்கா என்றேதான் கூப்பிட்டாள். நீ திருத்தவில்லை.

இவ்வளவு பேசியவள், உன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாயா? எட்டு மாதம் நிற்காமல் உதிரம் போயிருக்கிறது. பேட் வாங்கி வாங்கி அலமாரியில் ஒளித்துவைத்திருக்கிறாய். டாக்டரிடம் போனபோது கர்ப்பப்பை வாயில் புற்று முற்றியிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தவளிடம், ஏன் என்னிடம்கூடச் சொல்லவில்லை என்று கத்தினேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

"ஆம்பள டாக்டரு. காலை விரிச்சுப் படுக்கணுமாம். வெக்கமா இருந்துச்சுலா."

ஊர்ப் பெண்களுக்கெல்லாம் பொய்த் தாலி மாட்டி அனுப்பியவள். பெற்ற தாய் வாயை மூடச் சொல்லியும் நிறுத்தாதவள். உன்னிடமிருந்து அந்த ஒரு சொல்லை எப்படிப் பொறுத்துக்கொள்வது? மூன்று வருஷமாக உன்னோடு அந்தச் சண்டையைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்குப் போனேன். உன் மகளையும் விடாமல் அழைத்துப் போனேன். அவளுக்கும் இப்போது கல்யாணமாகிவிட்டது. பெயர் கூப்பிட்டதும் எழுந்தவள் கதவுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள். அடுத்த மாதம் வரலாமா ஆன்டி, வெட்கமாக இருக்கிறது என்றாள். உன் முகம், உன் குரல். எனக்குப் பொறுக்கவில்லை.

"வெக்கப்பட்டுத்தான் ஒங்கம்மா செத்தா. உள்ள போ."

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நாலு பேர் நடுவில் உன்னை அவளுடைய அம்மா என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.