உன் பெயர் இல்லாத பத்திரம்

என் கஞ்சப் பிசினாறிக்கு,

நீ என்னிடம் பொய் சொல்லி வீடு வாங்கியிருக்கிறாய். பத்திரத்தில் ஒரே பெயர் இருந்தால் செலவு குறையும் என்றாய். இன்று சாவி வாங்கும்போது வக்கீலிடம் கேட்டேன். ஒரு காசுகூடக் குறையாதாம்.

“அவர்தாம்மா உங்க பேர்ல மட்டும் போடச் சொன்னார். ரெண்டு பேர் பேர்லயும் வீடு இருந்து, ஒருத்தர் இல்லாம போனா, வெளிநாட்டுக்காரங்களைக் கோர்ட்டுக்கும் வரி ஆபீசுக்கும் வருஷக்கணக்கா இழுத்தடிப்பாங்க. ‘அவ தனியா அலையக் கூடாது’ன்னார்.”

அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இந்த நாட்டின் மேல் எனக்கு ஆத்திரம் உண்டு. இவர்களுடைய பாலத்துக்கு நீ வெல்டிங் வைக்கலாம். ஒற்றைப் படுக்கையறை வீடு வாங்க மட்டும் தனி அனுமதி, வெளிநாட்டவர் என்று தனி வரி. பதிவு அலுவலகத்தில் ஒருவன், “ஏன், உங்க ஊர்ல வீடே இல்லையா?” என்று சிரித்தான். அவனைவிட உன் மேல்தான் ஆத்திரம். உன் ஆபரேஷன் நாளைக்குத்தான். அதற்குள் உன்னை நீயே இந்த வீட்டிலிருந்து காலி செய்துவிட்டாய்.

டாக்டர் என்னிடம் சொன்னதை எழுத மாட்டேன். சமையலறை ஜன்னல் கொக்கி எனக்கு எட்டவில்லை. உனக்கு எட்டும்.

இன்று உன்னைப் பார்க்க விடமாட்டார்களாம், அதனால் இதை நர்ஸிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் பெயரைப் பிறகும் சேர்க்கலாமாம். வரியை மறுபடி கட்ட வேண்டும், நீ நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். வரியை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ என்றைக்கு வருகிறாய்? உன் கையாலேயே எழுதி அனுப்பு.

உன் பெண்டாட்டி