கடைசியாக நன்றாக இருந்த நேரம்

என்னங்க,

வார்டு டியூட்டிக்குக் கிளம்பிவிட்டேன். சோற்றைக் குழைய வடித்து மூடி வைத்திருக்கிறேன். உங்கள் அக்கா ஒன்பது மணிக்கு வருவார். அதுவரை தண்ணீர்கூடக் குடிக்க வேண்டாம், புரையேறும். வலது கையைத் தொங்கவிடாமல் தலையணைமேல் வையுங்கள்.

ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பக்கவாதம் என்று யாரைக் கொண்டுவந்தாலும் வீட்டாரிடம் நான் முதலில் கேட்பது, "கடைசியா எப்ப நல்லா இருந்தாரு?" என்பதுதான். திணறினால், "ஒரே வீட்டுலதானே இருக்கீங்க?" என்று எரிந்து விழுவேன். உங்களைக் கொண்டுவந்த அன்று டாக்டர் என்னிடம் அதையே கேட்டார். சண்டை போட்டு, நாம் பேசி நான்கு நாளாகியிருந்தது. எல்லாம் இந்த மாதிரிச் சீட்டில்தான். காலையில் நீங்கள் நாற்காலியில் இருந்தீர்கள், நான் முகத்தைப் பார்க்காமல் கிளம்பினேன். வாய் கோணியிருந்ததை மதியம் அக்காதான் பார்த்தார். எப்போது தொடங்கியது என்று தெரியாததால், இரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் போட முடியவில்லை.

சண்டையில் தப்பு உங்கள்மேல்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் பத்து மணிக்கு ஃபோன் செய்வேன். வெறும் "ம்" போதாது. குழறினாலும் பரவாயில்லை, முழுசாகத் திட்டுங்கள். கேட்டு, நேரத்தைக் குறித்துக்கொள்வேன்.

மாத்திரை ஜன்னலோரம் இருக்கிறது, அக்கா எடுத்துக் கொடுப்பார்.

பி.கு.: வாய் கோணுகிறதா என்று கண்ணாடி முன்னால் சிரித்துப் பார்க்கச் சொன்னேனே, அது வேண்டாம். சாயங்காலம் என்னைப் பார்த்துச் சிரியுங்கள். முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவேன்.