பதினோரு ஓடங்களில் ஒரே பெயர்

நலம் நிலைக்க. கருவேணி ஆறு வளம் தரும் மருதங்கா நாட்டை அறம் வழுவாது ஆளும் அரசர் மாவண்கோவின் ஆணைப்படி, அவர்தம் திருவோலை அமைச்சர் நங்கைபூதி, கொற்றத்துறைக் காவலர் பொற்கோடனாருக்கு விடுக்கும் ஓலை. உமது துறைக்கு வரும் கலங்கள் யாவும் கரை சேர்க. உமது மனையில் அமைதி தங்குக.

எண்வாயில் வணிகக் குழுவின் நான்காம் ஓடம் மிகைப் பாரத்தால் கவிழ்ந்து இருபத்து மூவர் மாண்டதையும், அதற்குப் பொறுப்பான கூத்தன் குற்றத்தை ஒப்புக்கொண்டதையும், வரும் முழுநிலா நாளில் அவனைக் கழுவேற்ற இசைவு வேண்டுவதையும் எழுதியிருந்தீர். படித்தோம். இசைவு தரவில்லை.

சென்ற ஆண்டு இதே குழுவின் ஓடம் மூழ்கியபோது, பிழை குழுவினுடையது, தனி ஒருவருடையது அன்று என்று அதன் எட்டுத் தலைவர்களும் கைவிரித்தனர். ஆகவே ஒவ்வொரு ஓடத்தின் பக்கப் பலகையிலும் அதற்குப் பொறுப்பாவார் பெயரைச் சூட்டுக்கோலால் பொறிக்க வேண்டும் எனச் சட்டம் செய்தோம். ஏற்றக்கூடிய சுமையின் எல்லையைக் காட்டும் பாரக்கோடு ஒரு விரல் இறங்குவதற்கே அரையாண்டு வழக்காடியவர்கள், இதை மட்டும் மூன்றே நாளில் முணுமுணுப்பின்றி நிறைவேற்றினார்கள். அன்றே நான் ஐயுற்றிருக்க வேண்டும். மாறாக, மகிழ்ந்தேன். அந்தச் சட்டத்தின் வாசகம் என் கையால் எழுதியது. அதன்மேல் எனக்கு உள்ளூரப் பெருமிதம் இருந்தது. ஒரு பெயர் கிடைத்தால் போதும் என்றிருந்தேன், அது யாருடைய பெயர் என்று கேட்கவில்லை.

இப்போது எம் ஆள் நேரில் வந்து பார்த்தார். கவிழ்ந்ததையும் சேர்த்துப் பதினோரு ஓடங்களிலும் ஒரே பெயர். கூத்தன் குழு மன்றத்தில் சந்தனம் அரைப்பவன்; எழுத்தறியான்; ஓடத்தில் ஒரு மூட்டை ஏற்றச் சொல்லவும் இறக்கச் சொல்லவும் அவனுக்கு உரிமையில்லை. பட்டு போர்த்தி, இது சிறப்பு என்று சொல்லிப் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். சிறையில் அவன் எம் ஆளிடம், “எங்கப்பனுக்குக் கோவணம் ஒண்ணுதாங்க சொத்து. எம்பேருல பதினோரு ஓடம் ஓடுதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்” என்றானாம்.

அத்தகையவனின் வாக்குமூலத்தில், ‘ஊழின் வன்மையால் நேர்ந்த நீர்க்கேடு’ என்றொரு தொடர் இருக்கிறது. காவலரே, உமது ஓலையிலும் அதே தொடர் இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்து நெடுநேரம் பார்த்தேன். உம்மைப் பத்து ஆண்டுகளாக அறிவேன். ஆயினும் அந்தத் தொடரை முதலில் எழுதிய கை எது என்பது எனக்குத் தெரியவில்லை.

எனவே ஆணையாவது: கூத்தனை எம் ஆளிடம் உயிருடன் ஒப்படைக்க. எஞ்சிய பத்து ஓடங்களிலும் அவன் பெயரைச் செதுக்கி நீக்குக. பாரம் ஏற்றச் சொல்லும் அதிகாரம் எட்டுத் தலைவருள் எவருக்கு உண்டோ அவர் பெயரையே அவ்விடத்தில் பொறிக்க. விசாரணை முடியும்வரை அவ்வெண்மரும் நாள்தோறும் தம் ஓடங்களில், தாம் குறித்த பாரத்தோடு, பயணிகளிடையே அமர்ந்து ஆற்றைக் கடக்க. முதல் நாள் அவர்களுடன் நீரும் கடக்க.

இவ்வோலையைக் கொணரும் எம் ஆள் ஓடம் ஏறாமல் மேலைப்பாலம் சுற்றி நடந்தே வருகிறார். மறுமொழியை அவர் கையிலேயே தருக.

வழக்கமாக இங்கே அலுவல் முத்திரை மட்டும் இருக்கும். இன்று அதன்கீழ் என் பெயரையும் எழுதுகிறேன். இவ்வாணையில் பிழை நேர்ந்தால் என்னைத் தேடி வருக.

நங்கைபூதி.