இல்லாத கம்பிக்கு அடியில்

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் என் பசியும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மருந்து தடவிவிட்டதாக அம்மாவிடம் பொய் சொல்லாதீர்கள்.

உங்களுக்குச் சிரிப்பு வரும். முள்வேலி கட்டி நீங்கள் படிக்கவைத்த பெண், இங்கே அரசு நிலத்தில் முள்வேலியைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறாள். மான்கள் தண்ணீருக்குப் போகும் பழைய வழியைத் திறந்துவிட அரசாங்கமே பணம் ஒதுக்கியிருக்கிறது. பேருக்குச் செய்யும் வேலையில்லை, அப்பா. ஒரு துண்டுக் கம்பிகூடக் கிடக்கக் கூடாது என்று காந்தத்தை வைத்துத் தரையைத் துழாவுகிறார்கள்.

திங்கட்கிழமை ஒரு கம்பி தொளதொளவென்று தொங்கியது. என் கை சும்மா இருக்குமா? பழக்க தோஷத்தில் முறுக்கி இறுக்கிவிட்டேன். சூப்பர்வைசர் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "பிடுங்க வந்த இடத்துல கட்டிக்கிட்டு நிக்கிறியே! யாரு வீட்டுப் பொண்ணும்மா நீ?" உங்களைப் பற்றிச் சொன்னேன். "அதான் கட்டு அவிழவே மாட்டேங்குது!" என்றார். அவிழ்க்கும்போது உள்ளங்கையில் சின்னக் கீறல். தையல்கூட மூன்றுதான்.

நேற்று, வேலி போன இடத்துக்கு ஒரு மான் வந்தது. முதுகில் முள் கிழித்த பழைய தழும்பு. வேலி இருந்த கோட்டில் அப்படியே நின்றது. பிறகு தலையைத் தாழ்த்தி, உடம்பை ஒடுக்கி, இல்லாத கம்பிக்கு அடியில் நுழைந்து போனது. பின்னால் வந்த குட்டிக்கு அதெல்லாம் தெரியாது. நிமிர்ந்தே நடந்து போனது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

எங்களை வேலைக்கு ஏற்றிப்போகும் வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார். இங்கே தரும் கையுறை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உங்கள் பழைய தோல் கையுறையை அனுப்பிவையுங்கள். அனுப்பும் முன் அம்மா அதைத் துவைக்கப் பார்ப்பார். துவைக்க வேண்டாம், அப்படியே வரட்டும்.

உங்கள் மகள்