பன்னிரண்டரை மணி டிஸ்கோ

அம்மிணி,

போன மாதம் ஆர்.எஸ்.புரத்தில் கண் டாக்டரிடம் போயிருந்தேன். சொட்டு மருந்து விட்டு, அரைமணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அப்படி உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து நாற்காலியில் யாரோ கைபேசியில் ஒரு பாட்டைப் போட்டார்கள். முதலில் கடை ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. ஒன்று இறங்கி முடிய, தள்ளி இன்னொன்று. அதற்குப் பின்னால் ஒரு பெண் குரல், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல:

“அம்மாவுக்குங்களா? சரிங்ண்ணா... சொல்லிப்போடறேனுங்ண்ணா. இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கறாங்க, முடியட்டுங்க.”

அது என் குரல். இருபது வயதில் எனக்கிருந்த குரல்.

கண்ணைத் திறந்தால் எல்லாம் மங்கல். யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியவில்லை. டிரம்ஸ் மெதுவாக ஆரம்பித்தது. பிறகு நீ பாடினாய். நீ போய் இரண்டு வருடமாகிறது. வெள்ளகோவிலில் உன்னைக் கடைசியாகக் குளிப்பாட்டியபோது தண்ணீர் ஊற்றியவர்களில் நானும் ஒருத்தி. 

“நல்லாருக்குதுங்களா ஆண்ட்டி?” என்றது பக்கத்து நாற்காலி. சின்னப் பெண் குரல். “பழைய பாட்டுங்க. இப்ப ரீமிக்ஸ் பண்ணியிருக்கறாங்க. ஆரம்பத்துல பேசறது பேயின்னு எல்லாரும் சொல்றாங்க.”

அந்தப் பேய் நான்தான். உயிரோடு இருக்கிற என்னைப் பேய் என்கிறார்கள். போய்ச் சேர்ந்துவிட்ட உன்னை, வாய்ஸ் சூப்பர் என்கிறார்கள். வீட்டுக்கு ஆட்டோவில் வரும்போது டிரைவரும் அதையே போட்டிருந்தார். இறக்கிவிடச் சொல்லி மீதித் தூரத்தை நடந்தே வந்தேன்.

நம் ‘சிரிப்பு டிஸ்கோ’ பாட்டு எப்படிப் பிறந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு பாதியை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. அதற்காக முழுவதையும் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

கோயில் திருவிழா, நோம்பி என்று ஒன்று விடாமல் மேடை ஏறுவோம். சாமி பாட்டு இரண்டு முடிவதற்குள் “டிஸ்கோ போடுங்க!” என்று கூட்டம் கத்தும். அடுத்தவர் பாட்டையே எத்தனை நாள் பாடுவது என்று, நம் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்திய மாஸ்டர் சொந்தமாக ஒரு மெட்டுப் போட்டார். நீ பாட வேண்டும், நான் பின்பாட்டு. இரண்டாம் சரணத்துக்கு முன்னால் டிரம்ஸ் மட்டும் ஓட, நீ சிரிக்க வேண்டும். சிரிப்புக்காகவே பாட்டு நிற்கும் என்று மாஸ்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த விஷயத்தில் மனிதர் தப்பாகச் சொல்லவில்லை.

கோட்டைமேட்டில் பாய் வைத்திருந்த கேசட் கடையின் பின்னறையில் பதிவு. நாளெல்லாம் சந்தடி ஓயாத தெரு அது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு ஜும்மா தொழுகைக்கு வரிசையாக ஷட்டர் இறக்குவார்கள் பார், அந்த ஒன்றரை மணி நேரம்தான் அமைதி. பாய் பதிவு நாடாச் சுருளான ஸ்பூல் டேப்பை மாட்டிக் கொடுத்துவிட்டு, “நான் தொழுதுட்டு வர்றதுக்குள்ள முடிச்சுடுங்க. விட்டா அடுத்த வெள்ளிதானுங்க” என்று கிளம்பினார். இருந்தது ஒரே ஒரு ஹெட்போன். அது உன் காதில்.

டேப் ஓட ஆரம்பித்துவிட்டது. முன்கடையில் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தால் பதிவு கெட்டுவிடும் என்று நான்தான் ஓடிப்போய் எடுத்தேன். உன் அண்ணன், வெள்ளகோவிலிலிருந்து.

“அம்மாவுக்கு ரொம்ப முடியல கண்ணு. அவ பேரச் சொல்லிக் கூப்புட்டுக்கிட்டே இருக்குது. உடனே பஸ் ஏத்தி உடு.”

அதற்கு நான் சொன்ன பதிலைத்தான் இப்போது ஊரே கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஒன்றரை மணி நேரம்தானே, அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். எழுதும்போதே என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன். எனக்கும் அந்தப் பாட்டு வேண்டியிருந்தது. கேசட் அட்டையில் என் பெயரையும் போடுவதாக மாஸ்டர் சொல்லியிருந்தார். திரும்பி வந்தபோது “யாரு?” என்று அவர் சைகையில் கேட்டார். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினேன். நீயும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்கும் அதே தலையாட்டல்தான்.

இரண்டு மணிக்குப் பாய் வந்து ஷட்டரைத் தூக்கினார். அதற்கப்புறம் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இப்பத்தான் போன் வந்துச்சு” என்றேன். நீ ஒன்றும் கேட்காமல் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாய். உன் பஸ் காங்கயம் சேர்வதற்குள் அம்மா போய்விட்டார்.

பன்னிரண்டரைக்கே போன் பண்ணிவிட்டேன் என்று உன் அண்ணன் அடித்துச் சொன்னார். நான் இரண்டு மணி என்றேன். என் பேச்சுத்தான் எடுபட்டது. “ஒரு போனு நேரத்துல பண்ணத் துப்பில்லாதவன்” என்று சாவு வீட்டுப் பந்தலிலேயே உன் அப்பா அவரைச் சொன்னார். நீ மட்டும், “எங்கண்ணன் பொய் சொல்லாதுங்ப்பா” என்றாய். என் பக்கம் திரும்பாமல் சொன்னாய். கூடப்பிறந்த பாசம் பேசுகிறது என்று எடுத்துக்கொண்டேன். நான் செய்தது உனக்குத் தெரியாது என்ற ஒரே தைரியத்தில்தான் அதற்கப்புறம் நாற்பது வருடம் உன் முகத்தைப் பார்த்துச் சிரித்துப் பேசினேன்.

கேசட் வந்தது. கரூர் ரோட்டில் ஓடும் பஸ்களில், பல்லடம் பக்கம் தறிக் கொட்டகைகளில், கல்யாண மண்டபங்களில் எல்லாம் நீதான். கேசட்டில் உன் குரல் பள்ளிக்கூடப் பெண்ணின் குரல்போல் மெலிந்து, துள்ளிக்கொண்டு வந்தது. அந்தச் சிரிப்புக்கு விசில் பறந்தது. மேடையில் உனக்கு அந்த உயரம் எட்டவில்லை. “கேசட்டுல இருக்கற மாதிரி இல்லீங்களே” என்று முன்வரிசையில் சொல்வது நமக்கே கேட்கும். பாட்டை விட்டாலும் சிரிப்பை விடமாட்டார்கள். பவானியில் ஒரு நோம்பிக்கு, இன்னொருக்கா, இன்னொருக்கா என்று ஏழு தடவை உன்னைச் சிரிக்க வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் சிரிப்பதற்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொள்வாய். வளையல் சதையில் பதியும்.

“நீ பக்கத்துலயே நில்லு. எனக்கு ஒத்தையில சிரிக்க வரமாட்டேங்குது” என்பாய்.

இத்தனை மேடை ஏறியும் கூச்சம் போகவில்லையா என்று உன்னைக் கேலி செய்திருக்கிறேன். நீயும் சேர்ந்து சிரித்திருக்கிறாய். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது. இரண்டு வருடத்தில் மேடையே வேண்டாம் என்று நின்றுவிட்டாய். தொண்டை போய்விட்டது என்று எல்லாரிடமும் சொன்னாய்.

கண் தெளிந்ததும் பாயைத் தேடிப் போனேன். கடை அதே இடத்தில்தான் இருக்கிறது. மகன் மொபைல் கவர் விற்கிறார். ஓரத்தில் ஸ்டூல் போட்டுப் பாய் உட்கார்ந்திருந்தார். ஆளை உடனே கண்டுகொண்டார்.

“வாங்க தங்கச்சி. பெங்களூர்ல இருந்து ஒரு பொண்ணு வந்துச்சுங்க. அவங்க அப்பா இந்தப் பாட்டுன்னா உசுர விடுவாராம். ஒரிஜினல் இருக்குதுங்களான்னு கேட்டுச்சு. ஸ்பூலு பரண்ல கெடந்துச்சு, குடுத்துட்டேன்.”

“ஏனுங் பாய், இப்ப வந்த பாட்டு ஏன் அவ்வளவு மெதுவா இருக்குது?”

பாய் சிரித்தார். “நீங்க பாடுனதே அந்த வேகந்தானுங்க! கேசட்டுல ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிசம். ஆறு பாட்டு அடங்கல. கடைசிப் பாட்ட வெட்ட மனசு வரல. ஸ்பூல் மோட்டார் வேகத்தக் கொஞ்சம் கூட்டி ஓட்டிட்டேன், குரலும் உசந்துபோச்சு. ஜனங்க அதுதான் டிஸ்கோன்னு புடிச்சுக்கிட்டாங்க.”

நீ எட்டிப் பிடிக்க முடியாமல் தொண்டையைக் கிழித்துக்கொண்ட அந்தக் குரல் உன்னுடையதே இல்லை, அம்மிணி. ஆறு பாட்டு அடங்குவதற்காகப் பாய் கூட்டி வைத்தது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பாய்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

“ஆரம்பத்துல பேச்சு கேக்குதுங்களே?”

“அதுவா. கல்யாணக் கேசட்டுல பேரு சொல்றதுக்குக் கவுண்டர்ல ஒரு மைக் வெச்சிருந்தேனுங்க. அத அமத்தாமப் போயிட்டேன். கடைப் பேச்சு டேப்புல ஏறியிருச்சு. கேசட்டுக்கு அத விட்டுட்டு மீதியத்தான் ஏத்துனேன்.”

“டேப்புல ஏறுனது ஹெட்போன்லயும் கேட்டிருக்குமுங்களா?”

“கேக்காமயா? டேப்புக்குப் போறதுதானுங்க ஹெட்போனுக்கும் போகும்” என்றவர், மகனிடம் எனக்கு டீ வாங்கிவரச் சொன்னார்.

டீயைக் குடித்தேனா என்று நினைவில்லை. வீட்டில் பகல் வெளிச்சத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, மகளுடைய ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். ஷட்டர் இறங்கியது. நான் பேசினேன். நீ பாடினாய். ஒரு சுருதி பிசகவில்லை. சிரிப்பு வர வேண்டிய இடம் வந்தது. புதிதாகப் பாட்டைச் செய்த பெங்களூர்ப் பெண் அந்த இடத்தில் டிரம்ஸை எடுத்துவிட்டிருக்கிறாள். உன் குரல் மட்டும்தான். முதலில் மூச்சை உள்ளே இழுக்கிறாய், விக்கல் மாதிரி. அப்புறம் வருவது சிரிப்பு இல்லை. உன் அம்மாவைக் கூப்பிட்டு நீ அழுகிறாய். சொல்லாக வரவில்லை, ஆனால் அம்மாவைத்தான் கூப்பிடுகிறாய். கூட்டி ஓட்டியதில் அது கலகலவென்று சிரிப்பாகிவிட்டிருக்கிறது.

உனக்குத் தெரிந்திருக்கிறது. நான் தலையை ஆட்டியபோதே தெரிந்திருக்கிறது. ஹெட்போனைக் கழற்றி என் முகத்தில் எறிந்துவிட்டு ஓடியிருக்கலாமே? இதோ சொல்லிவிடுவாள், இதோ சொல்லிவிடுவாள் என்று பாட்டு முழுக்கக் காத்திருந்தாயா? அப்புறம் ஊர் ஊராக அந்த அழுகையை என் கையைப் பிடித்துக்கொண்டே சிரித்துக் காட்டினாயே, அது எதற்கு? நான் எப்போதாவது வாய் திறப்பேன் என்றா?

இனி உன்னைக் கேட்க முடியாது. கேட்க வேண்டியவர் இன்னொருவர் இருக்கிறார் என்று வெள்ளகோவிலுக்குப் பஸ் ஏறினேன்.

உன் அண்ணனுக்கு நடை தளர்ந்துவிட்டது. “வா கண்ணு” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். செய்ததை எல்லாம் அவரிடம் சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டேன். காதருகே கைபேசியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“அது ஜும்மாவுக்கு ஷட்டர் இறக்கற சத்தமுங்ண்ணா. பன்னெண்டரை மணி.”

“எனக்குத் தெரியாதா? போன் பண்ணுனவன் நானு.”

மறுபடி போடச் சொன்னார். உன் அழுகை வந்த இடத்தில் அவர் தலை மெல்ல ஆடியது. “அவளுக்குந் தெரிஞ்சிருக்குது” என்றார். கொஞ்சம் கழித்து, “எங்கப்பன் சாகறமுட்டும் எங்கூடப் பேசல” என்றார். என்னைத் திட்டவில்லை. பாட்டைத் தன் கைபேசியில் ஏற்றிக் கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன். நான் எழுந்தபோது யாரும் தடுக்கவில்லை. நாற்பது வருடத்தில் அந்த வீட்டிலிருந்து நான் ஒரு வாய் சோறு உண்ணாமல் கிளம்பியது அன்றைக்குத்தான். தண்ணீர் வேண்டுமா என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் பன்னிரண்டரைக்கு அவர் நம்பரிலிருந்து எனக்கு அழைப்பு வருகிறது. எடுத்தால் பேசமாட்டார். ஷட்டர் இறங்கும், என் குரல் வரும், நீ பாடுவாய். அந்த இடம் முடிந்ததும் வைத்துவிடுவார். என்னைத் தண்டிக்கிறாரா, கூட உட்கார்ந்து கேட்க வேறு ஆளில்லாமல் கூப்பிடுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. மகள் அந்த நம்பரை பிளாக் செய்யச் சொல்கிறாள். மாட்டேன் என்றுவிட்டேன்.

உன்னிடம் சேர்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்த சேதி இன்னும் என்னிடமே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன்.

அம்மிணி, உங்கண்ணன் போன் பண்ணினார். அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லையாம். பாட்டு கிடக்கட்டும். நீ கிளம்பு.